கூரை இல்லாவிட்டால் கூடுதல் காசு

என் மருமகன் போன வருடம் தன் ஜீப்பின் கூரையை அறுத்து எறிந்தான். துருப்பிடித்த கூரை என்றால் சரி என்று விட்டிருப்பேன். நல்ல கூரை. புத்தளத்து டிங்கர் பாஸ் ஒருவரிடம் கொண்டுபோய், கிரைண்டர் போட்டு அறுத்து, விளிம்பைத் தேய்த்து, பின்னால் இரண்டு வரிசை ஆசனம் வைத்து, பச்சைப் பெயின்ட் அடித்துக் கற்பிட்டிக்கு ஓட்டி வந்தான். கூரையோடு நின்ற காலத்தில் அந்த ஜீப்பை ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. கூரை போன மறுவாரமே ஹோட்டல்காரர்கள் தேடி வந்தார்கள். வில்பத்துக்குச் சிறுத்தை பார்க்கப் போகிறவர்கள், மணல்மேட்டில் படமெடுக்கப் போகிறவர்கள், பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு களப்பில் சறுக்க வந்தவர்கள், எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: “ஓப்பனா?” ஓப்பன் என்றால் வாடகை கூட.

அறுத்த தகட்டையும் அவன் விடவில்லை. பழைய இரும்பு வாங்குகிறவனுக்கு நிறுத்துக் கொடுத்தான்.

“மாமா, நீங்க ஏன் மூஞ்சத் தூக்கி வச்சிருக்கீங்க?” என்றான்.

என்ன சொல்வது? வண்டி என்று ஒன்றில் ஏறினால் தலைக்கு மேல் ஒரு தகடாவது இருக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறை பாடுபட்டிருக்கிறது. மூன்றாம் தலைமுறை வந்து அதைக் கிலோக் கணக்கில் விற்கிறது.

எங்கள் காலத்தில் கற்பிட்டி வீதியில் கூரையில்லாமல் ஓடியவற்றுக்குக் கூடுதல் காசு கேட்கும் தைரியம் யாருக்கும் வந்ததில்லை. மாட்டு வண்டி இருந்தது. தேங்காய் ஏற்றும் டிராக்டர் பெட்டி இருந்தது. கழுதைகள் இருந்தன; இன்றும் இருக்கின்றன, வீதிக்கு நடுவில், எந்த ஹோர்னுக்கும் அசையாமல். எல்லாவற்றுக்கும் மேலாக, என் சாச்சா கிளீனராக நின்ற உப்பு லொறி இருந்தது. பழைய செவர்லெட். இந்தக் காலத்துப் பிள்ளைகள் ‘செவர்லே’ என்று சரியாகச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் அந்தக் கடைசி எழுத்தை யாரும் விழுங்கியதில்லை. காசு கொடுத்து வாங்கியதில் ஒரு எழுத்தை ஏன் சும்மா விட வேண்டும்?

முன்னால் டிரைவருக்குப் பலகையடித்த ஒரு கூடு. பின்னால், பாலாவி உப்பளத்திலிருந்து கருவாட்டு வாடிகளுக்குப் போகும் உப்பு மூட்டைகள். மூட்டைகளுக்கு மேல் நாங்கள். புத்தளத்துக்குப் போய் பஸ்ஸைத் தவறவிட்ட நாட்களில் சாச்சாவின் லொறிதான் கதி. ஏத்தாலை தாண்டி, தென்னந்தோப்புகளுக்கு நடுவில், கடல்காற்றும் களப்புக் காற்றும் இரண்டு பக்கமும் அறைய வீடு வந்து சேரும்போது தலைமயிர் தும்புத்தடி மாதிரி நிற்கும். உதட்டை நக்கினால் உப்பு. உம்மா வாசலில் ஏற்றமாட்டார். கிணற்றடியில் நிறுத்தி வாளிவாளியாக ஊற்றுவார். நல்ல இடத்துப் பிள்ளைகள் லொறிக்கு மேலே ஏறாது என்பது உம்மாவின் கட்சி.

அந்தக் காலத்தில்தான் சலூனில் அந்தப் படத்தைப் பார்த்தேன். 1972 இருக்கும். கண்ணாடிக்கு மேலே இரண்டு படங்கள்: ஒன்று மக்கா, மற்றது ஒரு கார். அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றிலிருந்து வந்த தாள். கச்சான் சுற்றி வந்த கடுதாசி என்று சலூன்காரர் சொல்வார். அதன் நடு மடிப்பில் எண்ணெய்க் கறையும் இருந்தது. வெள்ளைக் கார். உள்ளே இரண்டே ஆசனம், இரத்தச் சிவப்பு. விளக்குகளுக்குக் கம்பி வலை. முன்பக்கம் முழுக்கப் பல்லைக் காட்டிச் சிரிக்கிற முகம். கூரை இல்லை. தலைமயிர் வெட்டி முடிந்த பிறகும் நான் நாற்காலியை விட்டு இறங்கமாட்டேன்.

ஒருநாள் சாச்சாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். லொறியோடு பிறந்து லொறியோடு வளர்ந்த மனுசன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“மழ பேஞ்சா என்ன செய்ற?”

நான் பேசவில்லை.

“கதவுல கண்ணாடியும் ஒண்டும் இல்லியே. வெளியால புடியும் இல்ல. கைய உள்ள வுட்டா தொறக்கிற?” கடைசியாகத் தீர்ப்புச் சொன்னார்: “இது கார் இல்ல மகன். தோணி.”

சலூனே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது.

அது 1953ஆம் ஆண்டுச் செவர்லெட் கொர்வெட் என்று பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். யுத்தம் முடிந்து ஐரோப்பாவிலிருந்து ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் எம்.ஜி., ஜகுவார் என்று இங்கிலாந்துக் குட்டிக் கார்களில் மனதைப் பறிகொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். ஜெனரல் மோட்டர்ஸில் வடிவமைப்புக்குத் தலைவராக இருந்த ஹார்லி ஏர்லுக்கு அது பொறுக்கவில்லை. 1953 ஜனவரியில் நியூயோர்க்கின் வோல்டோர்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் நடந்த கார்க் காட்சியில் இந்த வெள்ளைக் காரைக் கொண்டுவந்து வைத்தார்கள். சனம் மொய்த்தது. ஜூன் 30ஆம் திகதி மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரில் விற்பனைக்கான முதல் கார் வெளியே வந்தது. அந்த வருடம் செய்தது 300. முந்நூறும் வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. வேறு நிறம் கேட்க இடமில்லை. விலை 3,498 டொலர்.

அதே 1953இல் எங்கள் நாட்டில் கூப்பன் அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியது. ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடே ஹர்த்தாலில் நின்றது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவியை விட்டுப் போனார். வாப்பா அந்தக் கதையை அரிசி விலையில் தொடங்கி அரிசி விலையில்தான் முடிப்பார். கூரையில்லாத கார் வரவில்லையே என்று கற்பிட்டியில் யாரும் ஹர்த்தால் பண்ணவில்லை.

அந்தக் காரின் பளபளப்பைக் கழற்றினால் உள்ளே இருந்தவன் யார் என்கிறீர்கள்? லொறியின் உறவுக்காரன். 235 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின்; அந்தக் கம்பெனியின் பெரிய லொறிகளில் 1940களிலிருந்தே பாரம் இழுத்த வம்சம். மூன்று கார்புரேட்டர் பூட்டி, 150 குதிரைவலுவுக்கு ஏற்றி, ‘நீலச் சுடர்’ என்று பெயரும் வைத்தார்கள். கியர் இரண்டே இரண்டு, தானாக மாறும். சாச்சாவின் லொறிக்குக்கூட நாலு. ஆக, உப்பு மூட்டைக்கு மேல் உட்கார்ந்து நான் கனவு கண்ட காரின் பெரியப்பா மகன் எனக்குக் கீழேதான் இருமிக்கொண்டிருந்திருக்கிறான்.

கூரை இல்லாமல் இல்லை. கன்வஸ் கூரை, ஆசனத்துக்குப் பின்னால் ஒரு மூடிக்குக் கீழே மடித்து ஒளித்திருந்தார்கள். சாச்சாவிடம் சொல்லியிருந்தால் தார்ப்பாய் என்றிருப்பார். மற்ற இரண்டு குறையும் உண்மை. கதவுக் கண்ணாடிக்குப் பதிலாகச் சொருகி எடுக்கும் மறைப்பு. வெளியே கைபிடி இல்லை. உள்ளே கையை விட்டுத்தான் திறக்க வேண்டும். மழைக்கு ஒழுகவும் ஒழுகியது. 1954இல் 3,640 கார் செய்து, விற்க முடியாமல் பலதை வைத்துக்கொண்டு முழித்தார்கள். 1955இல் ஃபோர்ட் கம்பெனி தண்டர்பேர்ட் என்ற இரண்டு ஆசனக் காரை, ஏற்றி இறக்கும் கண்ணாடியோடும் எட்டு சிலிண்டர் எஞ்சினோடும் இறக்கியது. அந்த வருடம் தண்டர்பேர்ட் 16,000க்கு மேல்; கொர்வெட் 700. கொர்வெட்டை அத்தோடு இழுத்து மூடியிருக்க வேண்டும். எதிராளி செய்கிறான், நாம் எப்படி விடுவது என்ற ரோசம்தான் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். ஸோரா ஆர்க்கஸ்-டுன்டோவ் என்ற எஞ்சினியர் பிடிவாதமாக நின்றார். எட்டு சிலிண்டர் வந்தது. 1956இல் கண்ணாடியும் வெளிக் கைபிடியும் வந்தன. சாச்சா சலூன் வாசலில் இரண்டு நிமிடத்தில் சொன்னதை டெட்ரொயிட்டில் மூன்று வருடம் யோசித்திருக்கிறார்கள்.

ஆனால் சாச்சாவின் தீர்ப்பில் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் தருவது அந்தக் கடைசிச் சொல். தோணி. படத்தைப் பார்த்து அவர் சொன்னது பகிடிக்கு. உண்மை அதுதான்.

முதலில் பெயர். கொர்வெட் என்பது சின்னப் போர்க்கப்பலின் பெயர். செவர்லெட் கம்பெனியில் வேலை பார்த்த மைரன் ஸ்கொட் என்பவர் அதைக் காருக்கு எடுத்துக் கொடுத்தார். ஹொலிஹொக் என்ற பிரித்தானியக் கொர்வெட் ஒன்றை 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக் கடலில் குண்டு போட்டு அமிழ்த்தின. வாப்பாவின் தலைமுறைக்குத் தெரிந்த கொர்வெட் அப்படிப்பட்டதாகத்தான் இருந்திருக்கும்.

இரண்டாவது உடம்பு. அந்தக் கார் தகட்டில் செய்ததல்ல. கண்ணாடி நாரையும் ரெசினையும் சேர்த்து வார்த்தது. தகடு அடிக்க வேண்டுமென்றால் இரும்பு அச்சுகள் வேண்டும். அதற்குக் காலமும் காசும் கொட்ட வேண்டும். சில நூறு காருக்கு அது கட்டாது. கலிபோர்னியாவில் பில் டிரிட் என்று ஒருவர் பைபர் படகு கட்டிக்கொண்டிருந்தவர். 1950களின் தொடக்கத்தில் அதே சாமானில் ஒரு காருக்கு உடம்பு வார்த்துக் காட்டினார். அமெரிக்கக் கார்க்காரர்களின் கண் அந்தப் பக்கம் திரும்பியதில் அவருக்கும் பங்குண்டு. படகுப் பட்டறையிலிருந்து கரையேறி வந்த வித்தை அது. பைபரில் மின்சாரம் ஓடாது. தகட்டுக் காரில் உடம்பையே ‘ஏர்த்’ ஆக்கிக்கொள்வது போல இதில் முடியாது, ஒவ்வொரு விளக்குக்கும் தனி வயர் இழுக்க வேண்டும். அதற்குப் பதிலாக ரேடியோ ஏரியலைப் பின்மூடிக்குள்ளேயே புதைத்துவிட்டார்கள்; பைபர் அலையை மறைக்காது.

எங்கள் கரைக்கு அந்த வித்தை கடல் வழியாகவே வந்தது. வடக்கே காரைநகரில் நோர்வேக்காரர் கைகொடுத்துத் தொடங்கிய சீநோர் பைபர் படகு கட்டியது. பிறகு நீர்கொழும்புப் பக்கமும் பட்டறைகள் முளைத்தன. மரத் தோணியில் பாய் கட்டி ஓடிய வாப்பா 1979இல் கடன் எடுத்து ஒரு பைபர் போட்டுக்குச் சொன்னார். பதினெட்டு அடி. என்னையும் பட்டறைக்குக் கூட்டிப்போனார்.

அந்த வேலையைப் பார்த்தவனுக்கு மறக்காது. அச்சுக்குள் மெழுகு தேய்ப்பார்கள். அதற்கு மேல் நிறம் கலந்த ஜெல். அது இறுகியதும் வெட்டிய கண்ணாடி நார்ப் பாய். பாய்க்கு மேல் ரெசின், உருளையால் அழுத்தி அழுத்திக் காற்றுக் குமிழை விரட்ட வேண்டும். மறுபடி பாய், மறுபடி ரெசின். ஹார்ட்னர் கொஞ்சம் கூடிவிட்டால் வாளியிலேயே கொதித்துக் கல்லாகும். மூக்கில் ஏறும் அந்தக் காரநெடி மூன்று நாளைக்குச் சோற்றிலும் மணக்கும். நார்த்தூசு பட்ட கை இரவெல்லாம் அரிக்கும். காய்ந்த பிறகு மரச் சுத்தியலால் அச்சைச் சுற்றித் தட்டுவார்கள். ஒரு முனகல் கேட்கும். பிறகு போட் மேலெழும்பி வரும், ஈரம் காயாத கன்றுக்குட்டி மாதிரி மினுங்கிக்கொண்டு.

வெளியே வெள்ளை என்று முன்பே சொல்லியிருந்தது. உள்ளே என்ன நிறம் என்று பாஸ் கேட்டார். வாப்பா வாயைத் திறப்பதற்குள் “சிவப்பு” என்றேன். வாப்பா என்னை ஒருமாதிரிப் பார்த்தார். ஆனால் மறுக்கவில்லை. அமெரிக்காக்காரனுக்கு நிறம் கேட்க இடமிருக்கவில்லை. எங்களிடம் கேட்டார்கள், நாங்களும் அதையே சொன்னோம்.

மோட்டர் ஜப்பான். பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நீலச் சுடர் இல்லை, நீலப் புகை உண்டு. கூரை இல்லை, கண்ணாடி இல்லை, கைபிடி இல்லை. அணியத்தில் அலை ஏறி வந்தால் தண்ணீரும் உள்ளே வரும். கோலி ஊற்ற ஒரு பிளாஸ்டிக் டப்பா. பத்தலங்குண்டுப் பக்கம் போய், காலையில் வெயில் முதுகில் விழத் திரும்பி வரும்போது வாப்பா கடையாரில் மோட்டர் பிடியைத் தொடைக்கு இடுக்கிக்கொண்டு, தலைப்பாகை பறக்க உட்கார்ந்திருப்பார். சலூன் படத்துக்கு எந்த வகையிலும் குறைந்த காட்சி அல்ல. எனக்குத்தான் அப்போது பார்க்கத் தெரியவில்லை. நான் இன்னும் கார் கனவில்தான் இருந்தேன்.

அந்தக் கனவின் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். நான் தீவிரமாக ஆசைப்பட்ட அந்தப் பத்து வருடமும் அமெரிக்காவிலேயே கூரையில்லாத கொர்வெட் இல்லை. கவிழ்ந்தால் ஆபத்து, சட்டம் வரப்போகிறது என்ற பயமும், வாங்குகிறவர் குறைந்ததும் சேர்ந்து 1975ஓடு அதை நிறுத்தியிருந்தார்கள். 1986இல்தான் மறுபடி திறந்தார்கள். உம்மாவின் கட்சி டெட்ரொயிட்டிலும் ஜெயித்திருக்கிறது.

1988இல் நான் குவைத்தில் ஒரு வீட்டுக்கு டிரைவர். பெரிய வண்டி ஓட்டுவது என் வேலை. அந்த வீட்டு இளைய மகனிடம் ஒரு கறுப்புக் கொர்வெட் இருந்தது, மடிக்கும் கூரையோடு. கழுவுவது மட்டும் என் பங்கு. முதல் நாள் துணியோடு போனவன் கதவை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன், ஏனென்று தெரியாது, கை தானாகப் போனது. ‘டொக்’ என்றது. தகட்டின் ஒலி அல்ல. எனக்கு உடம்பு சிலிர்த்தது. கற்பிட்டிக் கரையில் காலையில் போட்டை இழுக்கும்போது தட்டிப் பார்க்கிற ஒலி. வாப்பாவின் போட்.

“பைபர்” என்றேன். அந்தப் பையன் திடுக்கிட்டான். எப்படித் தெரியும் என்று கேட்டான். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது என்றேன். அன்றைக்கு அவன் என்னை நம்பினானா என்று தெரியாது; மரியாதை கொஞ்சம் கூடியது.

அந்தக் கூரையை அவன் திறந்து நான் கண்டதில்லை. பகலில் வெயில், மற்ற நேரத்தில் மணல். ஒரே ஒருமுறை, ஜனவரி மாதத்து இரவொன்றில், கடற்கரை வீதியில் திறந்தான். பக்கத்தில் என்னை ஏற்றியிருந்தான். பத்து நிமிடம் இருக்கும். இதற்காகவா இவ்வளவு காசு என்று முதல் ஐந்து நிமிடம் நினைத்தேன். பிறகு காற்று அறைந்தது. வானம் முழுக்கத் திறந்தது. நிலத்துக்கு மிகக் கிட்ட உட்கார்ந்திருப்பதால் மெதுவாகப் போவதும் பறப்பது போலிருந்தது. வேகம் பெரிதில்லை, வேகம் உடம்பில் படுவதுதான் சங்கதி. உதட்டை நக்கினேன். உப்பு.

உம்மா கிணற்றடியில் ஊற்றிக் கழுவிய அதே உப்பு.

இனி இன்றைய கதை. எட்டாம் தலைமுறைக் கொர்வெட் 2020இல் வந்தது. 67 வருட வரலாற்றில் முதல்முறையாக, எங்களைப் போல இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்காக ஆலையிலேயே வலப்பக்கம் ஸ்டியரிங் வைத்தார்கள். கூரை பொத்தானைத் தொட்டால் 16 வினாடியில் மடியும். சரி, வரட்டும் என்று இருந்தோமா? அந்த வருடம் மார்ச்சில் எங்கள் நாடு வாகன இறக்குமதியையே நிறுத்தியது. மறுபடி கார்க் கதவு திறக்க 2025 ஆகிவிட்டது. வாங்கியிருக்கமாட்டேன் என்பது வேறு விடயம். மறுக்கும் சந்தர்ப்பத்தையாவது தந்திருக்கலாம்.

கற்பிட்டியோ தலைகீழாக நிற்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கடலுக்குப் போக முடியாமல் வாப்பா திண்ணையில் உட்கார்ந்து காற்றைத் திட்டுவார். இப்போது அந்தக் காற்றுக்காகவே விமானம் ஏறி வருகிறார்கள். மாம்புரியில் காற்றாலைகள் அதை அரைக்கின்றன. களப்பில் பட்டங்கள் அதைக் குடிக்கின்றன. மீனுக்குப் போன போட்டுகள் பல இப்போது டொல்ஃபின் காட்டப் போகின்றன. அவற்றுக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? நாலு குழாய் நட்டு, மேலே துணி கட்டிக் கூரை போட்டார்கள். வெயில் தாங்காதாம். அதே வெள்ளைக்காரர் கரையேறியதும் கூரையில்லாத ஜீப் கேட்கிறார். கடலில் கூரைக்குக் காசு, தரையில் கூரை இல்லாததற்குக் காசு. நடுவில் நின்று இரண்டையும் வாங்குகிறான் என் மருமகன்.

வாப்பாவின் போட்டை 2022இல் நிறுத்தினேன். மண்ணெண்ணெய் கிடைக்காமல் கரை முழுக்கப் போட்டுகள் கிடந்த வருடம் அது. பிறகு இறக்க மனம் வரவில்லை. பைபரை எரிக்கவும் கூடாது, அது உக்கவும் உக்காது. நாலு கொங்கிரீட் தூண் நட்டு அதன் மேல் கவிழ்த்து வைத்தேன். கீழே ஆடு கட்டுகிறேன். அண்ணாந்து பார்த்தால் உள்ளே இன்னும் சிவப்பு.

போன டிசம்பரில் மருமகன் ஒரு ஜோடியை வில்பத்திலிருந்து கூட்டிவந்துகொண்டிருந்தான். எங்கள் வளவுக்குக் கிட்ட வரும்போது மழை பிடித்தது. கண் மண் தெரியாத மழை. ஜீப்பில் ஒதுங்க இடமேது? ஆசனத்தில் குளம். அவன் உரப்பையை எடுத்துக்கொண்டு ஓட, அந்த இருவரும் சிரித்துக்கொண்டே ஓடிவந்து போட்டுக்குக் கீழே ஆடுகளோடு நின்றார்கள். நான் தேத்தண்ணி கொடுத்தேன். அந்தப் பெண் மேலே பார்த்தாள், சிவப்பைப் பார்த்தாள், விரலால் தட்டினாள். டொக். பிறகு போனை எடுத்துப் படமெடுக்கத் தொடங்கினாள். ஆட்டோடு ஒன்று, தேத்தண்ணிக் கோப்பையோடு ஒன்று.

மருமகன் நனைந்த கோழியாக என் பக்கத்தில் வந்து நின்று காதுக்குள் கேட்டான்:

“மாமா, இதுக்கு எவ்வளவு கேக்கலாம்?”